கையோடு இதையும் பார்த்துவிடலாம்

கையோடு ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். ஃப்யூஸ் போட ஸ்டூலில் ஏறுவார். ஏறினதுதான் ஏறினோம், கையோடு மின்விசிறியைத் துடைத்துவிடலாம் என்பார். துடைக்கும்போது இறக்கை ஆடுகிறதே என்று அதைக் கழற்றுவார். கழற்றிய பிறகு கூரையில் ஒரு விரிசல் கண்ணில் படும். சாயங்காலம் வீட்டில் விளக்கும் இருக்காது, விசிறியும் இருக்காது, கூரையில் பாதியும் இருக்காது. ஃப்யூஸா? அது அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும்.

இந்தச் சரக்கு நம் ஊரில் மட்டும்தான் விளைகிறது என்று பெருமைப்பட வேண்டாம். நான் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிற மினசோட்டாவில், ஒரு ஏரிக்கரை முகாமில், இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் வெர்லின் ஹாகன். தானியக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆர்டிஸுடன் ஒரு டிரெய்லரில் குடித்தனம். சமையல், படுக்கை, குளியல் எல்லாம் சக்கரம் வைத்த ஒரு பெரிய டப்பாவுக்குள். கோடையில் ஏரிக்கரை, பனி கொட்டுவதற்குள் பிக்கப் வண்டியின் பின்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு டெக்சாஸின் தெற்கு மூலையில் இருக்கிற மிஷன் என்ற ஊருக்குப் பயணம். நாலு நாள் ஓட்டம்.

போன வருஷம் அந்தப் பயணத்துக்கு ஒரு தனி அவசரம் இருந்தது. ஆர்டிஸின் அக்கா கிளாடிஸுக்கு, எழுபத்தோரு வயதில், மிஷனில் கல்யாணம். சனிக்கிழமை பகல் பதினொரு மணி. மணப்பெண் தோழியாக நிற்க வேண்டியவர் ஆர்டிஸ்.

"முதல் கல்யாணத்தப்ப எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. ரெண்டாவதுக்குப் பனிப்புயல். இந்த மூணாவதுக்கும் நான் போய் நிக்கலைன்னா அவ நாலாவது பண்ணிக்குவாளான்னு தெரியாது," என்று ஆர்டிஸ் முகாம் முழுக்கச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை கிளம்பினால் சரியாக இருக்கும். அதற்கு முந்தைய புதன்கிழமை டிரெய்லரின் ஹீட்டர் படுத்துவிட்டது. விசிறி முனகுகிறது, தீ பிடிக்கவில்லை. வழியெல்லாம் தண்ணீர் உறைகிற குளிர். ஹீட்டர் இல்லாமல் அந்த டப்பாவில் படுத்தால் காலையில் இரண்டு பேரையும் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

"ரெண்டு மணி நேர வேலை," என்றார் வெர்லின்.

டிரெய்லர் கட்டுகிறவர்கள் முதலில் ஹீட்டரைத் தரையில் வைத்துவிட்டு, அப்புறம் அதைச் சுற்றி வீட்டைக் கட்டுகிறார்கள் என்பது என் சந்தேகம். வெர்லினின் ஹீட்டர் சமையல் அடுப்புக்கு அடியில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட வேண்டுமானால் கரண்டி இழுப்பறையை உருவ வேண்டும், பாத்திர இழுப்பறையை உருவ வேண்டும், அடுப்பைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும், ஒரு பலகையில் ஏழு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். ஏழாவது திருகாணி, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தால் வலது கண்ணுக்கு மட்டும் தெரியும். இடது கைக்கு மட்டும் எட்டும். வெர்லின் படுத்தார், திட்டினார், எழுந்தார், மறுபடி படுத்தார். மூன்று மணி நேரத்தில் சூட்கேஸ் அளவுப் பெட்டி ஒன்று வெளியே வந்து, மரத்தடி மேஜையில் உட்கார்ந்தது.

பக்கத்து டிரெய்லர் மெர்ல் காப்பிக் குவளையோடு வந்து நின்றார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்கள். விசிறிக்குள்ளிருந்து பொத்தென்று ஓர் எலிக்கூடு விழுந்தது. ரோஜா நிறத்தில், மெத்து மெத்தென்று.

"என் கம்பளி நூல்!" என்றார் ஆர்டிஸ். அக்காவுக்காகப் பின்னிய சால்வையில் ஒரு உருண்டை குறைந்து, வாரக்கணக்கில் தேடியிருக்கிறார்.

வெர்லின் விசிறியைத் துடைத்து பேட்டரியில் கொடுத்துப் பார்த்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது. பழுது பார்த்து முடிந்தது. பத்து நிமிஷம்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். உங்களைப் போல என்னைப் போல ஆளாக இருந்தால் (உங்களைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, கடைசியில் வருகிறேன்) பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டுக் கை கழுவப் போயிருப்போம். வெர்லின் பெட்டியைப் பார்க்கவில்லை. அது இருந்த பொந்தைப் பார்த்தார். டார்ச் அடித்து, தலையை உள்ளே விட்டு, காசிக்குப் போனவர் கங்கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஆர்டிஸ், இந்த இடத்துக்கு இனிமே எப்ப வரப்போறோம்?"

அந்த இனத்தின் மந்திரம் இதுதான். சுலபமாக எட்டுகிற இடமாக இருந்தால் இவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எட்டாத இடத்துக்கு ஒருதரம் கை எட்டிவிட்டதோ, பேராசை பிடித்துக்கொள்ளும்.

முதலில் இழுப்பறைகள். வெளியேதானே இருக்கின்றன, கையோடு அவற்றின் தடங்களுக்கு மெழுகு. பிறகு பொந்துக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்க் குழாய். அது ஒழுகவில்லை. ஆனால் ஒழுகினால்? வியாழக்கிழமை தண்ணீர் நின்றது. வெள்ளிக்கிழமை தரையில் ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், கொஞ்சம் அமுங்கியது. சனிக்கிழமை அந்த மூலை இல்லை. அதன் வழியாக ஒரு வாத்து உள்ளே எட்டிப் பார்த்தது. நடுவில் முப்பது மைல் தள்ளி இருக்கிற கடைக்கு ஐந்து தடவை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் போனது ஒரு சாமானுக்கு, வந்தது பதினொன்றோடு. அடுப்பு மரத்தடியில் கிடக்க, ஆர்டிஸ் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிய ஹாட்டிஷ் தட்டைத் தூக்கிக்கொண்டு வேளாவேளைக்கு மெர்ல் வீட்டு அடுப்புக்கு நடந்தார்.

"ஹீட்டர் எப்ப ரெடியாகும்?"

"அது புதன்கிழமையே ரெடியாச்சே!"

"அப்ப உள்ள தூக்கி வை."

"வெச்சுட்டா அப்புறம் தரையைப் பாக்க மறுபடி கழட்டணும். யோசிச்சுப் பாரு."

ஆர்டிஸ் யோசித்துப் பார்த்தார். கையுறையும் குல்லாயுமாக, தன் வீட்டுத் தரையில் தெரிந்த புல்லைப் பார்த்தார்.

"ம். வித்தியாசமா இருக்கு," என்றார்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் கத்த மாட்டார்கள், பாத்திரத்தை உருட்ட மாட்டார்கள். மணமகள் உடை சகிக்கவில்லையா, சூப்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருக்கிறதா, மருமகன் ஜெயிலுக்குப் போய்விட்டானா, எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்தான்: வித்தியாசமா இருக்கு. அதைக் கேட்ட ஆண்பிள்ளை கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும். மெர்ல்கூடக் குவளையோடு நழுவிவிட்டார். வெர்லினின் தலைதான் அதற்குள் மறுபடி பொந்துக்குள் போயிருந்ததே, காதில் விழவில்லை.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. டிரெய்லரை இழுக்காமல் வண்டி மட்டும் பறந்தால் புதன்கிழமை காலை கிளம்பியும் மிஷனைப் பிடித்துவிடலாம்.

புதன் காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் கல்யாண உடையைப் பிக்கப்பில் மாட்டினார். சால்வையை வைத்தார்.

"வெர்லின், கிளம்பு. டப்பா இங்கயே கிடக்கட்டும்."

"தரையைத் திறந்து போட்டுட்டா? அரை மணி நேரம் கொடு. ஹீட்டரையும் மாட்டி வீட்டோடயே போயிடலாம்."

"அரை மணி?"

"அரையே அரை மணி."

ஆர்டிஸ் வண்டியில் ஏறி, இன்ஜினைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நியாயமான மனுஷி. முப்பது நிமிஷம் முழுசாகக் கொடுத்தார். மேலே இரண்டு நிமிஷமும் கொடுத்தார்.

பொந்துக்குள் இருந்த வெர்லினுக்கு வண்டி நகர்கிற சத்தம் கேட்டது. பாவம், வீட்டை வண்டியில் பூட்டுவதற்காக ரிவர்ஸ் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். சத்தம் தேய்ந்து போனபோது, நல்லாத் தள்ளிப் போய்த் திருப்புறா என்று நினைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து மெர்ல் வந்து குனிந்தார்.

"ஏம்ப்பா, உன் வண்டி தெக்கால நெடுஞ்சாலையில ஏறிடுச்சே?"

அடுத்த நான்கு நாள் வெர்லின் இரண்டு குல்லாய் போட்டுக்கொண்டு, வண்டியில்லாத வீட்டில், திறந்த தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு, இருப்பதில் நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேலே இரண்டு கோட்டும் மாட்டிக்கொண்டார். ஏன் என்று மெர்ல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் போனில் கூப்பிட்டார். குரலில் வெயில் அடித்தது.

"கல்யாணம் நல்லா முடிஞ்சுது. கிளாடிஸ் அழுதா, நானும் அழுதேன். உன்னைக் கேட்டாங்க. அடுப்புக்கு அடியில இருக்கார்னு சொன்னேன்."

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் கிளம்பிடுவியா?"

"நாளைக்கா? எல்லை தாண்டினா அடுத்த நாட்டுல சல்லிசா பல் டாக்டர் இருக்கார், கையோட அந்தக் கடவாய்ப் பல்லைப் பாத்துக்கறேன். ரெண்டு மணி நேரம் ஓட்டினா கடலாம், கையோட அதையும் பாத்துடறேன். அங்கேர்ந்து கிளாடிஸோட புது நாத்தனார் வீடு பக்கமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு வெர்லின். இந்த இடத்துக்கு இனிமே எப்ப வரப்போறேன்?"

வருஷா வருஷம் போகிற ஊர் அது.

போனை வைத்ததும் வெர்லின் எழுந்தார். தரையின் ஓட்டை மேல் ஒரு பலகையை அறைந்தார். வெளியே மேஜையில் பனி மூடிக் கிடந்த பெட்டியைத் துடைத்து, உள்ளே தள்ளி, கேஸ் குழாயை மாட்டி, இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஏழு திருகாணிகளையும் முடுக்கினார். ஏழாவது முதல் தடவையே ஏறிவிட்டது. பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது, தீ பிடித்தது, கொஞ்சம் எலி வாசனையோடு கதகதவென்று காற்று வந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. வெர்லினுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

உடனே கூப்பிட்டார். "ஆர்டிஸ், ஹீட்டர் ஓடுது! சூடா இருக்கு!"

"மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "நாப்பது நிமிஷம்."



"வித்தியாசமா இருக்கு," என்றார் ஆர்டிஸ்.

இந்தத் தடவை காதில் நன்றாக விழுந்தது. மறுநாள் காலை வெர்லின் பஸ் பிடித்தார். போகிற வழியில் கையோடு எதையும் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? காலையில் அலமாரியில் தூசி தட்டத்தானே ஆரம்பித்தீர்கள்? தட்டும்போது இந்தப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது; எடுத்ததுதான் எடுத்தோம், கையோடு இரண்டு பக்கம் வாசித்துவிடலாம் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அப்படியில்லை என்றால் மன்னிக்கவும். அப்படித்தான் என்றால், சுற்றிலும் பரப்பி வைத்திருக்கிற சாமான்களை எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வாசலில் வண்டியைக் கிளப்புகிற மாதிரி சத்தம் கேட்கிறது.