ஒரே ஒரு விடையை மாற்றினேன்

பிற்பகல் இரண்டு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. இன்றும் அந்த நேரத்தில் யார் அழைத்தாலும், மகள் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

ஹட்டனிலிருந்து என் கணவரின் தங்கை. "அண்ணி, பயப்படாதீங்க. தர்ஷினி இன்னும் வீட்டுக்கு வரலை. ஸ்கூலு விட்டு ஒரு மணி நேரமாகப் போவுது."

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே நாத்தனாரின் வீடு. ரோட்டைத் தாண்ட ஒரு மணி நேரம் எடுக்கும் பிள்ளை இல்லை என் மகள்.

அவளை அங்கே கொண்டுபோய் விட்டவள் நான். விடச் சொன்னது ஒரு கணினி.

தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் இடையில் படிப்பை விடுகிறார்கள் என்று ஆராய, வட்டவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகக் குழு வந்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயம் லயமாகச் சேகரித்த விவரங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பழைய மாணவர்களின் விவரங்களிலிருந்து தானாகவே கற்றுக்கொண்டு, புதிய பிள்ளை ஒன்று படிப்பைத் 'தொடரும்' அல்லது 'நிறுத்தும்' என்று சொல்லும் செயற்கை அறிவு அதில் இருந்தது. செல்போனே அதிசயமாக இருந்த காலம். ஒருநாள் ஆய்வு அறையில் யாரும் இல்லாதபோது என் மகளின் விவரத்தைக் கொடுத்தேன். (ஜாதகம் பார்ப்பவர்களைக் கேலி செய்யும் படித்த பெண் நான்.)

'நிறுத்தும்' என்றது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒவ்வொரு விடையாக மாற்றிப் பார்த்தேன். கணவரின் சம்பளத்தைக் கூட்டினேன். மசியவில்லை. எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்தேன். அதற்கும் மசியவில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைக் குறைத்ததும் 'தொடரும்' என்றது. (இன்றும் குழம்பு சரியில்லை என்றால் என் கணவர், "ஸ்கூலுக்குப் பக்கத்துல வச்சு ஆக்கிப் பாரு" என்பார்.)

அடுத்த வாரமே, மலையிறங்கி நடந்து போய்வந்த வட்டவளைப் பள்ளியிலிருந்து அவளை விலக்கி ஹட்டனில் சேர்த்தேன். கணினி சொன்னதை எடுத்துச் சொல்லியும் அழுதாள். பஸ் ஏறி ஓடி வந்துவிடாதபடி, கையில் காசு கொடுக்க வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லியும் வைத்தேன். அவ்வளவு முன்யோசனை.

செய்தி கேட்டதும் கணவர் பஸ்ஸில் ஹட்டனுக்கு ஓடினார். பிள்ளை தோட்டத்துக்கே திரும்பி வந்தால் யாராவது இருக்க வேண்டுமே என்று நான் ஆய்வு அறை வாசலிலேயே தங்கிவிட்டேன். பாதையையே பார்த்து நின்ற என்னிடம் ஆய்வுக்குழுவின் விரிவுரையாளர் என்னவென்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, ஆர் நிப்பாட்டுவினம் எண்டுதான் அது ஊகிக்கும். ஏன் எண்டு அதுக்குத் தெரியாது. தூரத்தை மாத்தினா என்ன நடக்கும் எண்டு பாக்கத்தான் அடுத்த வருசம் ஒரு பரிசோதனை செய்ய இருக்கிறம்." கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "நீங்கள் உங்கட பிள்ளையை வச்சே செய்து பாத்திட்டியள்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஹட்டனில் தெரிந்த ஆசிரியர்களையெல்லாம் அழைக்கத் தொடங்கினார்.

நாலு மணிக்கு மேல் கணவர் ஹட்டனிலிருந்து தொலைபேசியில் பேசினார். பஸ் நிலையத்தில் இல்லை, கோயிலில் இல்லை. வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை ரயில் பாதையோரமாகத் தனியாக நடந்து போனதை யாரோ கண்டார்களாம்.

அப்போது பார்த்து மூடுபனி இறங்கியது. எதிரே நின்ற தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. ஹட்டன் பக்கமிருந்து ஒரு ரயில் ஊதிக்கொண்டே கீழே இறங்கியது. அந்தச் சத்தம் ஓயும்வரை பழக்கமில்லாத தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் படிக்காமல் போகட்டும், எழுத்தே மறக்கட்டும், வந்தால் போதும் என்றேன்.

இருட்டுவதற்குச் சற்று முன், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி பனிக்குள்ளிருந்து ஏறி வந்தது. மூட்டைகளின் மேல், பனியில் நனைந்த சீருடையோடு, என் மகள். ரயில் பாதையோரமாக வட்டவளைவரை நடந்தே வந்தவளை டிரைவர் ஏற்றிக்கொண்டாராம்.

அடிக்க ஓங்கிய கை போய் அவளைக் கட்டிக்கொண்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"புள்ளைங்களோட பேசிக்கிட்டு நடக்கலாம்னுதாம்மா நான் ஸ்கூலுக்கே போனேன்," என்றாள். பிறகு, திறந்து கிடந்த அறைக்குள் மினுங்கிய கணினித் திரையைக் காட்டினாள். "கிட்டக்க இருந்தாத்தான் படிப்பு வரும்னா, அதக் கொண்டுபோயி அத்தை வீட்டுல விடுங்க."