ஆறு கட்டை விறகும் ஐம்பது ஆங்கில வார்த்தைகளும்

1912 அக்டோபர் 23, புதன்கிழமை, காலை ஒன்பதரை மணி. தூறல். பத்தடிக்கு அப்பால் ஏல மலைச் சரிவு பனிமூட்டத்துக்குள் போயிருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த முட்டாள்தனங்களை எண்ணி வைத்திருக்கிறேன், மொத்தம் முப்பத்தேழு. முப்பத்தாறை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மிச்சமுள்ள ஒன்றை நினைத்தால் இந்த வயதிலும் காது சுடுகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மெட்ரிகுலேஷன் வரை படித்துவிட்டு, போடிநாயக்கனூரில் வேலை எதுவும் இல்லாமல் வேட்டி மடிப்புக் கலையாமல் உலவிக்கொண்டிருந்தேன். என் தாய்மாமாவுக்கு மலையில் பதினொரு ஏக்கர் ஏலத்தோட்டம். அவர் மகள் நாகம்மாளை எனக்குக் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் படித்த பையனிடம் தோட்டத்தை நம்பி விடலாமா என்று மாமாவுக்குச் சந்தேகம். பார்த்துவிடலாம் என்று அறுவடைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

பறித்த பச்சைக்காயைக் காய வைக்கும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். அடுக்கடுக்காக மூங்கில் தட்டிகள், அவற்றில் காய், கீழே அடுப்பு. அடுப்பின் சூடு குழாய் வழியாகச் சுற்றி வந்து காயை உலர்த்தும். அன்று தட்டிகளில் கிடந்தது, நாகம்மாளுக்கு எட்டுப் பவுனில் அட்டியல் செய்ய மாமா ஒதுக்கியிருந்த காய்.

மாமா கூலியாட்களுக்கு அரிசி எடுக்கப் போடிக்கு இறங்கும்போது, ஸ்டோர் சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் காட்டி ஒரே ஒரு சோலிதான் வைத்தார். "மாப்ளே, அரை மணிக்கு ஒரு கட்டை. காயைக் கிண்டி விட்டுட்டு அடுத்த கட்டை. வேற எதுவும் செய்ய வேணாம், பாத்துக்கிட்டே இருந்தாப் போதும்" என்றார்.

(பார்த்துக்கொண்டே இருப்பதுதான் எனக்கு வராத ஒரே வேலை என்பது அவருக்குத் தெரியாது.)

என் கவனம் வேறொன்றில் இருந்தது. சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை போட்டி அறிவித்திருந்தது. தலையில் எஸ், வாலில் இ, மொத்தம் ஐந்தே எழுத்து. அப்படிப்பட்ட ஆங்கில வார்த்தைகளை அதிகம் எழுதி அனுப்புகிறவருக்குத் தங்க முலாம் பூசிய சட்டைப்பைக் கடிகாரம். நுழைவுக் கட்டணம் நாலணா. ஒரு மாதமாக நோட்டில் சேர்த்து நாற்பத்து நாலு வார்த்தை வைத்திருந்தேன். ஐம்பது ஆக்காமல் அனுப்பினால் தூக்கம் வராது. மலை மேட்டில் தபால் பை கட்டுவது மதியம் ஒரு மணிக்கு; அன்றைய தபாலை விட்டால் போட்டி முடிந்தது.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போனால் சிந்தனை அறுபடுகிறது. கணக்குப் போட்டேன். ஒரு கட்டைக்கு அரை மணி என்றால், ஆறு கட்டைக்கு மூன்று மணி. கணக்கில் பிழையே இல்லை. ஆறையும் ஒன்றாக அடுப்பில் திணித்துவிட்டு வாசலுக்கு அருகே நோட்டோடு உட்கார்ந்தேன்.

என்ன ஆச்சரியம், ஒரு மாதமாக மண்டையை உடைத்துத் தேடிய வார்த்தைகள் என்னைச் சுற்றியே கிடந்தன. ஏலச்செடிக்கு மேலே மரநிழல், ஷேட். நாற்பத்தைந்து. அதற்குக் கீழே சரிவு, ஸ்லோப். நாற்பத்தாறு. நான் சாய்ந்திருந்த ஸ்டோர், உள்ளே கிடந்த ஸ்பைஸ், எரிந்துகொண்டிருந்த ஸ்டோவ். நாற்பத்தொன்பது. இன்னும் ஒன்றே ஒன்று. கண்ணை மூடித் திறந்தேன். கூரை இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக வந்து என்னெதிரே நின்றது ஐம்பதாவது வார்த்தை.

ஸ்மோக். எழுத்தெழுத்தாக எண்ணினேன். ஐந்துதான்.

அடுப்பு வேலைக்காரர் மாயாண்டி காட்டோரம் விறகு பொறுக்கிவிட்டு அப்போதுதான் ஏறி வந்தார். தலைச்சுமையை அப்படியே போட்டார்.

"சின்னய்யா, பொகை வருது."

"எழுதிட்டேன்" என்றேன், தலை நிமிராமல்.

அவர் ஒரு விநாடி என்னையே பார்த்தார். "அப்ப அணைஞ்சிருன்னும் ஒண்ணு எழுதிப் போடுங்க, அதுவா அணைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்தார்.

தட்டிகள் பன்னிரண்டும் எரிந்தன. பக்கத்துக் கொட்டகையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த நாகம்மாளும் அத்தையும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நானும் நான்கு குடம் ஊற்றினேன். நெருப்பு அடங்கியபோது காயெல்லாம் கரி. மலை முழுக்கப் பாயசம் வைத்தது போல மணம். மாயாண்டியின் வலது உள்ளங்கை வெந்திருந்தது.

நாகம்மாள் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, அதில் என்ன என்று கேட்டாள். கடிகாரம் கிடைக்கும் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவள் கரிந்த காய் ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"சுவத்துல ஒண்ணு தொங்குது மச்சான், அதையே பாக்கல. பையில இருந்தா பாத்திருப்பீகளாக்கும்."

இத்தனையும் கதை. இதை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. நான் பேனாவை எடுத்தால் போதும், அடுப்படியிலிருந்து ஒரு குரல் பொகை வருது என்னும். கூடத்திலிருக்கும் பேரன் பேத்திகள் ஏழு பேரும் எழுதிட்டேன் என்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். மாயாண்டியின் கைக்கு அத்தை மருந்து அரைத்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே இல்லை. பச்சிலை பறித்து வருவதாகச் சொல்லிவிட்டு, கரி படிந்த முகத்தோடு இரண்டு மைல் ஓடி, ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். திரும்பி வரும்போது பச்சிலை பறிக்கவும் மறந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. மலையேறி வந்த மாமா முதலில் மாயாண்டியின் கையைத்தான் பார்த்தார். என்னை அன்று முழுக்க அவர் பார்க்கவே இல்லை.

பரிசு, தொண்ணூற்றோரு வார்த்தை எழுதிய யாருக்கோ போயிற்று.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நாகம்மாள் தன் சித்தியின் அட்டியலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் பந்தல் பிரிக்கும் முன்பே அதைக் கழற்றிக் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கொக்கி சிக்கிக்கொண்டது, எடுத்துவிடச் சொன்னாள். மூன்று முறை தவறி, நாலாவது முறைதான் கழன்றது.

காய், தட்டிகள், மாயாண்டி வேலைக்கு வர முடியாத பதினாறு நாள் கூலி, எதற்கென்று சொல்லாமல் நானே சேர்த்துக்கொண்ட நாலணாக் கட்டணம், அரையணாத் தபால் தலை எல்லாம் சேர்த்து, மாமாவிடம் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் வேலை பார்த்து நான் தீர்த்த தொகை நூற்றுப் பத்தொன்பது ரூபாய், நாலணா, ஆறு பை.