விழுந்தது சைக்கிள்தான்

என்னைவிட அறிவுள்ள எதையும் நான் வீட்டுக்குள் சேர்த்ததில்லை, என் மனைவி செல்வியைத் தவிர. அந்த வைராக்கியத்தை ஒரு எலெக்ட்ரிக் சைக்கிளுக்காகக் கைவிட்டேன். அதன் பலன் இன்றுவரை என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். கூடவே பாதுகாப்புக் குழுச் செயலாளர். (யாரும் வேண்டாம் என்று ஓடியதால் கிடைத்த பதவி.) கேட்டருகே 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை இருக்கிறது. தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றி எழுதுவதுதான் என் தலையாய பணி. இருநூறைத் தாண்டிய நாளிலிருந்து, ஏதோ நானே நின்று விபத்துகளைத் தடுத்துக்கொண்டிருப்பதுபோல நடக்க ஆரம்பித்திருந்தேன்.

சைக்கிளுக்குள் ஒரு சிம் கார்டு உண்டு. மொபைலில் அதற்கொரு ஆப். எத்தனை கிலோமீட்டர் மிதித்தேன், எங்கே மூச்சு வாங்கினேன் என்பதையெல்லாம் அது சொல்லும். நான் விழுந்துவிட்டால் வேண்டியவர்களுக்குத் தானாகவே தகவல் அனுப்பும். பத்துப் பேர் வரை சேர்க்கலாம் என்றது. நான் ஏழு பேரைச் சேர்த்தேன். செல்வி, மாமியார், பஜாரில் லுங்கிக் கடை வைத்திருக்கும் மச்சான், அவர் மனைவி என்று போய், வீட்டு ஓனர்வரை வந்து நின்றது. எனக்கு ஒன்று என்றால் ஊரே பதற வேண்டாமா? தகவலைத் தமிழிலேயே அனுப்பும்படி வேறு அமைத்து வைத்தேன். மொழிப்பற்று.

வாங்கிய மூன்றாம் நாள் கம்பெனியில் ஆடிட். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருகிறார். அவர் சரி என்று எழுதினால்தான் அடுத்த சீசனுக்கு எங்கள் லைன் ஓடும். இல்லாவிட்டால் அறுபது பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். "உன்ன நம்பித்தாம்ப்பா இருக்கோம்" என்று மேனேஜர் முதல் நாளே என் தோளைத் தட்டியிருந்தார்.

எங்கள் கம்பெனிக்குள் யாரும் மொபைல் கொண்டுபோகக் கூடாது. புது மாடல்களைப் போட்டோ எடுத்துவிடுவார்களாம். கேட்டிலேயே செக்யூரிட்டி அமானுல்லா பாயிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றும் கொடுத்தேன். பிறகு சைக்கிளில் ஏறி, உள்ளே ஸ்டாண்டு வரை மிதித்துப் போய் நிறுத்தினேன். ஆப்பில் 'பயணம் முடிந்தது' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்த வேண்டிய மொபைல் கேட்டில், பாயின் மேஜை டிராயருக்குள். ஆக, சைக்கிளின் கணக்குப்படி நான் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு மேடத்தின் காருக்கு நிழலில் இடம் வேண்டும் என்று பாய் வண்டிகளை நகர்த்தினார். என் சைக்கிள் சரிந்து விழுந்தது. அவர் பாட்டுக்குத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விட்டார். ஆனால் அறிவாளி சும்மா இருக்குமா? ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போனது: 'உங்கள் அன்பானவர் விழுந்துவிட்டார். அசைவு இல்லை.' கீழே மேப்.

ஏழு பேரும் எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். டிராயர் அதிர்ந்துகொண்டே இருந்ததாம். 'பிறர் மொபைலைத் தொடுவது குற்றம்' என்று டிராயரின் மேலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான்.

நான் அப்போது மேடத்துக்குப் பலகையைக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். "விபத்துங்கிற பேச்சுக்கே இங்க இடமில்ல மேடம்" என்று முடிக்கவில்லை, மச்சானின் லோடு ஆட்டோ கேட்டில் வந்து முட்டாத குறையாக நின்றது. பின்னால் லுங்கி மூட்டைகள்மேல் ஏழு பேரில் ஐந்து பேர். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

"பாய், எங்க மாப்ளைய எந்த மிஷின்ல உட்டீங்க?" என்று மச்சான் போட்ட சத்தம் ஹைவே வரை கேட்டிருக்கும்.

"இன்னாப்பா பேஜாரு பண்றீங்க? அதோ நிக்கறாரு பாரு!" என்றார் பாய்.

மேடம் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். நான் அசட்டுச் சிரிப்போடு கையை ஆட்டினேன்.

செல்வி ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. ஊருக்கே ஷூ தைக்கிற ஊரில், வெயிலில் கொதிக்கிற தாரில், வெறுங்காலோடு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதைவிட அதிகமாக அவள்மேல் ஆசை பொங்கியது. "ஒண்ணுமில்ல செல்வி, சைக்கிள்தான் விழுந்துச்சு" என்றேன்.

"அசைவு இல்லன்னு வந்துச்சுங்க! இன்னா ஆச்சோன்னு உசுரே போய்டுச்சு!" என்று அழுதுகொண்டே இரண்டு கைகளாலும் என்னை அடித்தாள். கண்ணாடி வளையல் உடைந்து என் புருவத்தைக் கிழித்தது. சட்டையெல்லாம் ரத்தம்.

இருநூறு நாட்களுக்குப் பிறகு முதல் விபத்து. பாதிக்கப்பட்டவர்: பாதுகாப்புக் குழுச் செயலாளர்.

கம்பெனி நர்ஸ் இரண்டு நிமிடத்தில் வந்து கட்டுப் போட்டாள். விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் இயந்திரம், வழுக்கல், ரசாயனம் எல்லாம் அச்சாகியிருந்தன. மனைவி இல்லை. 'மற்றவை' என்பதில் நர்ஸ் டிக் அடித்தாள். மேடம் எல்லாவற்றையும் வாட்ச்சைப் பார்த்தபடி குறித்துக்கொண்டார். சாயங்காலம் அறிக்கை வந்தது: 'முதலுதவி ஏற்பாடு மிகச் சிறப்பு.' லைன் பிழைத்தது. பலகையில் பூஜ்ஜியத்தை நானே எழுதினேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆள் விழுந்தாரா, சைக்கிள் விழுந்துச்சா?"

போன மாதம் செல்வி குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பாத்ரூமில் நிஜமாகவே வழுக்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது. தவழ்ந்து வந்து மச்சானுக்குப் போன் போட்டேன்.

"ஆளா, சைக்கிளா?"

"ஆள்தான் மச்சான். சத்தியமா."

அவர் ஸ்பீக்கரில் போட்டார். கடையே சிரித்தது. முக்கால் மணி நேரம் கழித்து, போகிற வழியில்தானே என்று எட்டிப் பார்க்க வந்தார். நான் கூடத்தில் முனகுவது தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் அவர் வாசலிலேயே நின்று சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான நிக்குது, அப்புறம் இன்னா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.