கையில கட்டின கோட்டை

இன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். மகள் கோதையையும் அவளோட கோட்டை மாடலையும் ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் பத்து மணிக்குள்ள கொண்டு சேர்க்கணும்.

ஒன்பதாம் வகுப்புக் கண்காட்சி. ஆளுக்கு ஒரு சொல்லோட கதையை மாடல் வச்சு விளக்கணும். இவளுக்கு வந்தது 'டான்ஜன்'. கோட்டைக்கு நடுவுல நிக்கிற பெரிய கோபுரத்துக்குப் பிரெஞ்சுக்காரங்க வச்ச பேராம்.

மத்த அப்பாக்கள் அட்டையில செஞ்சிருப்பாங்க. நான் பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர். எங்க வீட்டுல டீ வடிகட்டுறது, ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாமே கம்பெனியில கழிச்சுப்போட்ட, புண்ணுக்குக் கட்டுற காஸ் துணிதான். அட்டை வாங்குறது எனக்குக் கவுரவக் குறைச்சல். மாவுக்கட்டு ரோல் நாலை எடுத்துத் தண்ணியில நனைச்சேன்.

சுத்துறதுக்கு ஒரு அச்சு வேணும். பைப்பு ரொம்ப ஒல்லி. வாளி ரொம்பக் குண்டு. என் இடது கை மட்டும் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு.

முழங்கைக்குக் கீழ ஆரம்பிச்சு உள்ளங்கை வரைக்கும் சுத்தினேன். செத்த நேரத்துல கல்லா இறுகிருச்சு. கோதை ஜன்னல் வரைஞ்சு, கொடியும் குத்திட்டா. பார்க்க அம்புட்டு அழகு.

கழட்டப் பார்த்தா வரல. எண்ணெய் தடவ மறந்துட்டேன். இருபது வருசம் இதே தொழில்ல இருக்கேன்னு வெளிய சொல்லிக்கிறவன் நான்.

"ஆஸ்பத்திரியில வெட்டிட்டு வந்துருதேன் தாயி."

"வெட்டுனா கோபுரம் ரெண்டாப் போயிரும். போன வருசம் நீங்க செஞ்ச எரிமலை பஸ்ஸுலயே வெடிச்சிருச்சு. இந்தத் தடவையாச்சும் முழுசா கொண்டுபோகணும்ப்பா."

அவ கண்ணு கலங்கிருச்சு. எனக்கு மனசு கேக்கல. கோபுரத்தோடயே பஸ் ஏறினேன்.

பார்த்ததும் ஒரு அக்கா எந்திரிச்சு எடம் குடுத்தாங்க.

"எப்படிண்ணே ஆச்சு?"

"கோட்டை கட்டுறப்பங்க."

"சாரத்துல இருந்து விழுந்துட்டீகளா? பாவம். கட்டுல எதுக்குண்ணே ஜன்னல்?"

"காத்துக்கு."

அந்தக்கா ரெண்டு அடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டாங்க. கண்டக்டரும் எங்கிட்ட மெதுவாத்தான் பேசினாரு.

பள்ளிக்கூடத்துல மேசையில முழங்கையை ஊன்றி, கையைச் செங்குத்தா நிறுத்திக்கிட்டு உட்கார்ந்தேன். நடுவர் டீச்சர் வந்ததும் கோதை ஆரம்பிச்சா.

"லத்தீன்ல பிரபுவைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது டான்ஜன். முதல்ல பிரபுவோட கோபுரம். கோட்டையிலயே உறுதியான எடம். அதே சொல்லு இங்கிலீஷுக்குப் போய் 'டன்ஜன்'னு மாறி, போகப் போகப் பாதாளச் சிறைன்னு ஆயிருச்சு. உள்ள மாட்டினா வெளிய வர முடியாது."

டீச்சர் கோபுர உச்சியை உத்துப் பார்த்தாங்க. அஞ்சு விரல் தெரிஞ்சுது. மரியாதைக்கு ஆட்டினேன்.

"உள்ள இருக்கிறது பிரபுவா, கைதியா?"

"காலையில பிரபு டீச்சர். இப்ப கைதி"ன்னேன்.

முதல் பரிசு அவளுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு எந்திரிச்சேன்.

பரிசு வாங்கின மாடல் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மேசையை விட்டு நகரக் கூடாதாம்.