சம்பள மெஷினுக்கு இடம்

“சம்பள மெஷின் சிவப்புல மின்னுதேய்யா!” என்று மேனேஜர் அலறியபோது ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்க்காரரின் வாய் நிறைய டீ. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“டிஸ்க் நிறைஞ்சிருக்கு சார். கொஞ்சம் பெரிசாக்கினா சரியாயிடும்.”

“நாளைக்கு எல்லாருக்கும் சம்பளம் போட்டாகணும். உனக்கும் சேர்த்துத்தான், ஞாபகம் வச்சுக்க.”

அந்த ஆபீஸில் நிஜமான சர்வர் ஒன்றுதான். ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனம் வைத்ததுபோல, அதற்குள்ளே கற்பனைக் கம்ப்யூட்டர்கள்: சம்பளம், கிடங்கு, தபால், சோதனை. டிஸ்க் எல்லாருக்கும் பொது.

சம்பளத்தின் சுவரைச் சர்வர்க்காரர் கொஞ்சம் தள்ளிக் கட்டினார். தபாலுக்கு மூச்சு நின்றது.

“மெயில் போகலைன்னு மாடியில கத்துறாங்கய்யா!”

“பழைய நகல் நிறையக் கிடக்கு சார். அழிச்சா இடம் வந்துடும்.”

அழித்தார். அழிக்கிற வேலைக்கே கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது. மிச்சமிருந்த மூலையையும் அதுவே தின்றதில் கிடங்கும் படுத்துவிட்டது. வாசலில் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

“பல்வலின்னு வந்தவனுக்குத் தாடையையே கழட்டிட்டியேய்யா!”

சர்வர்க்காரர் திரையில் கம்ப்யூட்டர்களின் பட்டியலைத் திறந்தார். பட்டியலை மேலும் கீழும் உருட்டினார்.

“சோதனைன்னு ஒண்ணு குண்டா உட்கார்ந்திருக்கு சார். எனக்கு முன்னாடி இருந்தவர் வச்சது.”

“யாருக்கு வேணும் அது?”

“சும்மா பரிசோதிச்சுப் பார்க்க வச்சிருப்பார் சார். யாருக்கும் வேணாம்.”

“பேக்கப் இருக்கா?”

“இதுக்கெல்லாம் யாராவது பேக்கப் எடுப்பாங்களா?”

“அப்புறம் என்ன, நல்ல நேரம் பாக்குறியா? தூக்கு!”

தூக்கினார். சொல்லிவைத்தாற்போல் தபால் ஓடியது, கிடங்கு எழுந்து உட்கார்ந்தது, சம்பளம் பச்சையாயிற்று. லாரிச் சத்தமும் அடங்கியது. மேனேஜர் தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க தம்பி. இன்னொரு டீ சொல்லட்டுமா?”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ‘நீ’யாகவே இருந்தவர் ‘நீங்க’ ஆகிவிட்டார். கூச்சத்தோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அப்போது கணக்குப் பிரிவு அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். நாளைய சம்பளம் முழுக்க அவர் பொறுப்பு.

“வாங்கம்மா! உங்க சம்பள மெஷினைக் காப்பாத்திட்டோம்!” என்றார் மேனேஜர்.

“அந்த ஓட்டை மெஷினையா? திரும்பிப் படுக்கக்கூட இடமில்லைன்னு நாங்க போன வருஷமே மூட்டை முடிச்சோட ‘சோதனை’க்குக் குடி போயிட்டோமே சார்!”