நான் எழும்பாத வணக்கம்

மற்றவர்கள் எழுதித் தருவது உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்காக அரசாங்கம் எனக்கு இருபத்தெட்டு வருடம் சம்பளம் தந்தது. என் வாழ்க்கையின் ஆகக் கேவலமான பொய்யை நான் ஒரு கராட்டி விழாவில், வெள்ளை உடுப்போடு, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னேன்.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு இரண்டாம் யன்னல். சல்லி, சம்பூர் போன்ற தூரக் கிராமங்களிலிருந்து வெயிலில் வருகிற சனத்தின் படிவங்களை வாங்கி, திகதி இல்லை, கையொப்பம் கோட்டைத் தாண்டிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஐம்பத்து நான்காவது வயதில் நான் கராட்டி படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு மான். எங்கள் ஊரில் மான்கள் ரோட்டில் திரிவது புதினமில்லை. ஒருநாள் கோட்டைப் பக்கம் நின்றபோது ஒன்று வந்து என் கையிலிருந்த வாழைப்பழப் பையைப் பிடித்து இழுத்தது. நான் பின்வாங்கி, தடுக்கி விழுந்து, ரோட்டிலேயே இருந்துவிட்டேன். மனைவி சாந்தி மானின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டி, பையைப் பறித்து, பிறகு என்னையும் தூக்கி நிறுத்தினாள். (பழத்தைத்தான் முதலில் எடுத்தாள்.) அன்றிரவே தற்காப்புக் கலை படிப்பது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் குறுக்கே ஒரு முழங்கால் இருந்தது. முன்பு சைக்கிளால் விழுந்ததில் இடது முழங்காலின் சவ்வு கிழிந்து, குந்தினாலோ முழந்தாளிட்டாலோ பூட்டு விழுந்ததுபோல இறுகிவிடும். இரண்டையும் மறந்துவிடுங்கோ என்று டொக்டர் சொல்லியிருந்தார். கோயிலில் கூட நான் நின்றபடிதான் கும்பிடுவேன்.

வகுப்பை நடத்தியவர் ரிஸ்னா. கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி ஸ்கூட்டரில் வருகிற இருபத்தேழு வயதுப் பிள்ளை, கறுப்புப் பட்டி. துறைமுக வீதியில் ஒரு சங்கத்தின் மண்டபத்தில் இருபத்திரண்டு சிறுவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தா. அவ தந்த படிவத்தில் ஒரு கேள்வி: "உடலில் ஏதும் வருத்தம், காயம் உண்டா?" என் அழகான கையெழுத்தில் "இல்லை" என்று எழுதினேன். திகதி போட்டேன். கையொப்பம் கோட்டுக்குள் அடங்கியிருந்தது.

"முழங்கால், இடுப்பு ஒண்டும் பிரச்சினை இல்லையா ஐயா?"

"சீச்சீ, நான் நல்ல சுகம்."

ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் கிழவனாகத் தெரியக் கூடாது என்ற எண்ணம், வேறொன்றுமில்லை. இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஒவ்வொரு வகுப்பும் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் பட வணங்குவதோடு தொடங்கும், அதோடே முடியும். ஆகவே நான் தினமும் பத்து நிமிடம் பிந்திப் போவேன். முடிகிற நேரத்தில் மூலையில் கிடக்கிற மெத்தைகளை மிகுந்த அக்கறையோடு அடுக்கிக்கொண்டிருப்பேன். ரிஸ்னா எது சொன்னாலும் "ஓஸ்" என்று பதில் சொல்ல வேண்டும். கராட்டியில் அதுதான் ஓம், விளங்கியது, செய்கிறேன் எல்லாமே. மூன்று மாதத்தில் நான் சரியாகப் படித்தது அது ஒன்றைத்தான்.

பிறகு வகுப்பின் விழா வந்தது. ஒரு பெண் தனியாக நடத்துகிற வகுப்புக்கு மண்டபத்தைத் தொடர்ந்து கொடுப்பதா இல்லையா என்று சங்கத்தில் இழுபறி. சங்கச் செயலாளருக்குக் கொடுக்க விருப்பமில்லை. பிள்ளைகள் செய்வதைப் பார்த்துவிட்டு அன்றே முடிவு சொல்வதாக இருந்தார்கள். ரிஸ்னா இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவவின் உம்மாவே வந்து சொன்னா.

பட்டி நிறத்தின்படி வரிசை. வெள்ளைப் பட்டிக்காரனான எனக்குப் பின்வரிசை இடது மூலை, தூணுக்குப் பின்னால். அருமையான இடம். ஆனால் ஒரு பிள்ளையின் தகப்பன் என்னைக் கண்டுவிட்டார்.

"வயசுக்கு மூத்த மனிசனைப் பின்னுக்கு விட்டிட்டு, சின்னதுகள் முன்னுக்கு நிக்கிறதோ? சரியில்லை. நீங்கள் வாங்கோ ஐயா."

கையைப் பிடித்துக் கொண்டுபோய் முன்வரிசை வலது மூலையில் நிறுத்தினார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அது ஆக மூத்த பட்டிக்காரருடைய இடம் என்பதும், அங்கே நிற்பவர் எழும்பாமல் வேறு எவரும் எழும்பக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

ரிஸ்னா கட்டளையிட, எல்லோரும் முழந்தாளிட்டோம். இடது முழங்காலுக்குள் "டக்" என்றது. வணங்கினோம். ரிஸ்னா எழுந்தா. நான் எழும்பவில்லை. ஆகவே இருபத்திரண்டு பிள்ளைகளும் நெற்றியை நிலத்தில் வைத்தபடி கிடந்தார்கள்.

"ஐயா, எழும்புங்க," என்று ரிஸ்னா மெல்லச் சொன்னா.

"ஓஸ்," என்றேன்.

"ஐயா?"

"ஓஸ்."

மண்டபம் அமைதியாகிவிட்டது. அப்போது பின்னால் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் மௌன அஞ்சலியோடுதான் தொடங்கும். சனம் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து நின்று தலை குனிந்தது. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம்.

"ஆருக்காம்?" என்று ஒரு பெண் இரகசியமாகக் கேட்டா.

"தெரியேல்லை. ஜப்பான்காரர் ஆரோ."

எனக்கு அழுகை வந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் நெற்றியை எடுக்காமலே, "அங்கிள், எனக்குக் கால் விறைக்குது," என்றாள். அதற்குப் பிறகுதான் நான் "ஐயோ, ஏலாது" என்று கத்தினேன். பிள்ளைகள் அதையும் கட்டளை என்று நினைத்து, மண்டபம் அதிர "ஓஸ்" என்றார்கள்.

நான்கு பேர் என்னை மடிந்த காலோடு அப்படியே தூக்கி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்தார்கள். செயலாளர் வந்து ரிஸ்னாவைப் பார்த்தார்.

"முழங்கால் வருத்தக்காரரையும் சேர்த்தே பழக்கிறீர்?"

"இல்ல சேர். வருத்தம் ஒண்டும் இல்ல எண்டுதான் எழுதித் தந்தவர்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடி எழுதினனீங்களோ?"

"ஓம்" என்று ஒரு சொல் போதும். நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ஞாபகமில்லை," என்றேன்.

என் யன்னலில் யாராவது இப்படிச் சொன்னால் நான் அவர்களை மறுபடி பஸ் ஏற்றிவிடுவேன். செயலாளருக்கோ அது தாராளமாகப் போதும். மறு அறிவித்தல் வரும்வரை மண்டபம் இல்லை என்றார். ரிஸ்னா பிள்ளைகளின் செருப்புகளைச் சோடி சேர்த்துக் கொடுத்தா.

வீட்டில் சாந்தி முழங்காலுக்கு எண்ணெய் தடவினாள். எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பிள்ளையிலை பழியைப் போட்டிட்டு வந்தனீங்கள், என்ன?"

அடுத்த நாள் செயலாளரிடம் ஒரு கடிதம் கொண்டுபோனேன். படிவத்தில் பொய் எழுதியது நான், விழாவில் பொய் சொன்னதும் நான் என்று எழுதியிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஆற அமர வாசித்தார்.

"திகதி போடேல்லை," என்று திருப்பித் தந்தார்.

அந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுத வேண்டி வந்தது. மண்டபம் திரும்பக் கிடைக்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போன அன்று ரிஸ்னா என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, தான் நின்றபடியே சொன்னா: "முழங்காலை மறைச்சது பரவாயில்ல ஐயா. வயசானவங்க வெக்கப்படுறதுதான். ஞாபகமில்ல எண்டீங்களே, அதுதான்..." பட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் வீட்டில் இப்போது ஒருவரும் குற்றத்தை ஒத்துக்கொள்வதில்லை. அலுமாரியிலிருந்த தொதல் இனிப்பு எங்கே என்று கேட்டால், மகள் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பரிதாபமாக வைத்து, "எனக்கு ஞாபகமில்லை" என்பாள். மருமகன் வந்து ஒரு கிழமைக்குள் அவரும் பழகிவிட்டார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ரிஸ்னா மட்டும் இதைப் பகிடியாக எடுக்கவில்லை. சந்தையடியில் கண்டால் ஸ்கூட்டரை நிறுத்தி, "முழங்கால் எப்படி ஐயா?" என்று கேட்பா. வேறு யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்றுவிடுவேன். அவவிடம் அந்தச் சொல் வராது. இடது கால் மடிக்க ஏலாது, வலதும் நோகத் தொடங்கிவிட்டது, இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, இரவில் மூன்று தரம் எழும்புகிறேன் என்று ஒன்று விடாமல் நடுரோட்டில் நின்று சொல்லுவேன். சாந்திக்கு வெட்கமாக இருக்கும், மரக்கறிப் பையோடு தள்ளிப் போய் நிற்பாள். ரிஸ்னா ஸ்கூட்டரின் இஞ்சினை அணைத்துவிட்டு, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் போவா.