பேய் வராத நாவல்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வேளாண்மை உதவி அலுவலரான அன்பரசன், ஒரு வாசகர் வட்டத்தை ஒழித்துக்கட்டுவது என்று புரட்டாசி மாதத்தில் முடிவெடுத்தார். இலக்கியத்தின் மேல் அவருக்கு விரோதம் எதுவும் இல்லை. ஆறு நாள் வரப்பில் நடக்கிறவருக்கு ஞாயிறு மதியம் ஹாலில் ஃபேனுக்குக் கீழே இரண்டு மணி நேரம் தூங்கவேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு அதே இடத்தில்தான் அவர் மனைவி எழில்மொழி, பள்ளி ஆசிரியை, வட்டத்தைக் கூட்டுவார்.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது எழில்மொழி குறைப்பட்டுக்கொண்டார். இந்த மாதத்து நாவல் யாருக்கும் பிடிக்கவில்லையாம். இப்படியே போனால் வட்டம் நின்றுவிடுமாம். அன்பரசன் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

அது எண்பது வருஷத்துப் பழைய நாவல். எழுதியவரின் மற்றப் புத்தகங்களைக் கொண்டாடுகிறவர்கள்கூட இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேய்க்கதைகளாகப் படித்துத் தள்ளிய ஒருத்தி பெரிய பங்களாவுக்கு வாழ்க்கைப்படுகிறாள். மாமனார் யாரையோ கொன்று பூட்டி வைத்திருக்கிறார் என்று அறை அறையாகத் திறந்து பார்க்கிறாள். கடைசி அறையில் ஊறுகாய் ஜாடிகள் இருக்கின்றன. பேய்க்கதை எழுதுகிறவர்களைக் கேலி செய்ய எழுதியது.

சண்டை மூட்டவேண்டுமானால் புத்தகம் தெரிந்திருக்கவேண்டும். அன்பரசன் அதை நாற்றங்கால் ஓரத்துப் பம்ப்செட் நிழலில் உட்கார்ந்து மூன்று நாளில் முடித்தார். ஜாடி வந்த இடத்தில் தனியாகச் சிரித்தார்.

பிறகு வட்டத்து ஆட்களைத் தனித்தனியாகப் பார்த்து வேலையைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ரெத்தினம், இருநூறு பக்கம் கதவு கிறீச்சிட்டும் ஒரு உயிர்கூடப் போகவில்லையே என்று கடுப்பில் இருந்தார். ஜவுளிக்கடை ஷம்சாத்தோ பக்கத்துக்குப் பக்கம் சிரித்ததாகச் சொன்னார். நர்ஸ் கண்ணாத்தாளுக்குக் கதாநாயகனைப் பிடிக்கவில்லை. பெண்டாட்டி வாயைத் திறந்தாலே திருத்துகிறானாம். ரெத்தினத்துக்குக் கேலி புரியாது என்று ஷம்சாத் சொன்னதாக ரெத்தினத்திடமும், பல்லைக் காட்டுவது படிப்பாகாது என்று ரெத்தினம் சொன்னதாக ஷம்சாத்திடமும், ஊசி போடுகிறவருக்கு நாவல் எதற்கு என்று இருவருமே கேட்டதாகக் கண்ணாத்தாளிடமும் அன்பரசன் போகிற போக்கில் சொல்லிவைத்தார். மூவரும் இனி ஒரே கூரைக்குக் கீழே உட்காரமாட்டார்கள் என்று நம்பினார்.

ஞாயிறு இரண்டு மணிக்குத் தலையணையோடு ஹாலுக்கு வந்தால், உட்கார இடமில்லை. மூவரும் ஆளுக்கு நாலு பேரைத் துணைக்குக் கூட்டிவந்திருந்தார்கள். புத்தகங்களில் அடையாளத்துக்குச் சீட்டு சீட்டாக நீட்டிக்கொண்டிருந்தது. ரெத்தினம் கதவு கிறீச்சிடும் பகுதியைக் கோபமாக வாசிக்க ஆரம்பித்தார். "பல்லைக் காட்டுறது படிப்பாகாதுன்னு சொன்னீங்களாமே" என்று ஷம்சாத் சிரித்தார். அது தொற்றி, பாதியில் ரெத்தினத்துக்கே வாசிக்க முடியவில்லை. கதாநாயகன் திருத்திய இடங்களைக் கண்ணாத்தாள் எண்ணிவந்திருந்தார். நாற்பத்தொன்று.

மூச்சு வாங்கிக்கொண்டு ரெத்தினம் கேட்டார்: "பல்லைக் காட்டுறது படிப்பாகாதுன்னு நான் சொன்னதா உங்ககிட்ட யாரும்மா சொன்னது?"

ஷம்சாத் சமையலறை வாசலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அங்கே நின்ற அன்பரசனுக்குத் தலையணையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எழில்மொழி எழுந்தார். "கொஞ்சம் சேத்துத்தான் சொல்லியிருப்பாரு. புத்தகத்துல அவ்வளவு ஊறிட்டாரு" என்றார். பேச இன்னும் நிறைய இருப்பதால், இனி வாராவாரம் கூடலாம் என்றும் சொன்னார். கை தட்டினார்கள்.

எல்லோரும் போனபிறகு அன்பரசன் மெதுவாகக் கேட்டார். "யாருக்கும் பிடிக்கல, வட்டமே நின்னுடும்னு சொன்னியே?"

"நிக்கத்தான் இருந்துச்சு" என்றார் எழில்மொழி, டீ டம்ளர்களைப் பொறுக்கியபடி. "மூணு மாசமா ரெண்டு பேருக்கு மேல வரல. யாராவது ஒவ்வொருத்தரையாப் போய்ப் பார்த்துக் கிளப்பிவிட்டாத்தான் வருவாங்க. எனக்குக் காலாண்டுப் பேப்பர் திருத்தவே நேரமில்ல. அதான் உங்ககிட்ட சொல்லிவச்சேன்."